நிழலுக்குரிய சுதேசிகள்

சிங்கப்பூரில் செடி வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள் எங்கே கூடிப் பேசினாலும் சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு முறையீடு எழுந்துவிடுகிறது. "எங்கள் தாழ்வாரத்தில் வெயிலே விழுவதில்லை" என்பார் ஒருவர். "எதிர்ப் புளோக் சூரியனை மறைத்துவிடுகிறது" என்பார் மற்றொருவர். தரைவீட்டில் வசிக்கும் பாக்கியம் பெற்றவரோ, வாசலில் நிற்கும் பெருமரம் தோட்டம் முழுவதையும் இருட்டாக்கிவிட்டதென்று வருந்துவார். நிழல் என்பது தோட்டக்கலையில் ஒரு தரித்திரம், எப்படியாவது சமாளித்துத் தீரவேண்டிய ஓர் இடையூறு என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகையே வடக்கில், ஆண்டு முழுதும் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு தீவில் வாழ்ந்துகொண்டு இவ்வாறு எண்ணுவது நியாயமாகாது. இத்தீவுக்கு இயற்கை அளித்த பூர்வ சம்பத்து நிழல். அந்த நிழலில் ஜீவிப்பதற்கென்றே யுகயுகாந்தரமாகப் பக்குவப்பட்டு வந்த தாவரங்கள் நூற்றுக்கணக்கில் இங்கேயே இருக்க, நாம் அவற்றைத் தேடாமல், கடல்கடந்து வந்த ஐந்தாறு செடிகளையே திரும்பத் திரும்ப வாங்கித் தொட்டியில் வைத்து வருகிறோம். அவ்வழக்கத்தை மாற்றிக்கொள்வது அழகுக்காக மட்டுமன்றி, எஞ்சியிருக்கும் நம் சிறு கானகத்தின் க்ஷேமத்துக்காகவும் அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தேக்காச் சந்தையை ஒட்டிய அடுக்குமாடிகளானாலும் சரி, தோ பாயோ, அங் மோ கியோ முதலிய பழைய பேட்டைகளானாலும் சரி, அங்குள்ள தாழ்வாரங்களில் மாலை வேளையில் நிதானமாக நடந்து செல்பவர் காணும் காட்சி ஏறக்குறைய ஒன்றே. கம்பிக் கதவருகே ஒரு தொட்டியில் மணி பிளாண்ட். அடுத்து, பச்சையும் வெண்மையும் கலந்த அகன்ற இலைகளோடு டிஃபன்பேக்கியா. அதன் பக்கத்தில் அம்புமுனை வடிவ இலையுடைய சிங்கோனியம். செந்நிறப் புள்ளி தெளித்த கலேடியம். இலைகளின் நடுவே நீர் தேங்கி நிற்கும் புரோமிலியாட் இரண்டொன்று. இவற்றுள் மணி பிளாண்ட், பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த மோரேயா என்னும் சிறு தீவிலிருந்து உலகெங்கும் பரவியது. மற்றவை அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளைத் தாயகமாகக் கொண்டவை. இவற்றை வைத்திருப்பவர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. நாற்றுப் பண்ணையில் நிழலுக்கு என்ன வைக்கலாமென்று கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்கப்படுவன இவையே. விலையோ மலிவு, எளிதில் பட்டுப்போவதுமில்லை. ஆயினும் இவை நம் வாசலை அடைந்த வழியையும், இங்கிருந்து இவை செல்லும் வழியையும் நாம் ஒருமுறையேனும் சிந்தித்தல் வேண்டும்.

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே கரையிறங்கியபோது தீவின் பெரும்பகுதி வானுற ஓங்கிய விருட்சங்களால் மூடப்பட்டிருந்தது. அதன்பின் மிளகுத் தோட்டங்களும், வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியைத் தரும் கேம்பியர்த் தோட்டங்களும் உள்நாடு நோக்கி முன்னேறின. கேம்பியர் இலையை வேகவைத்துச் சாறு காய்ச்ச ஓயாமல் விறகு வேண்டியிருந்தமையால், செடி நட்ட நிலத்தின் காடு ஒருபுறம் அழிய, அடுப்புக்கு இரையான காடு மறுபுறம் அழிந்தது. மண் சாரமிழந்ததும் அந்நிலம் கைவிடப்பட்டு, லாலான் புல் மண்ட, தோட்டக்காரர் புதிய காட்டைத் தேடிச் சென்றார். 1880களில், நம் பெரியவர்கள் பூமலை என்று அழைத்த தாவரவியல் பூங்காவின் அதிகாரியான நதானியேல் கேன்ட்லி இந்நிலையை ஆராய்ந்து அரசுக்கு எச்சரித்து, வனக் காப்பகங்கள் வகுக்கப்படச் செய்தார். அதற்குள் பெருநஷ்டம் நேர்ந்துவிட்டது. ஆங்கிலேயர் வந்த நாள்முதல் இன்றுவரை இத்தீவு இழந்த இயற்கை வாழிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் அதிகமென்று அறிவியலார் கணக்கிட்டிருக்கின்றனர்.

அவ்வாறு எஞ்சியவற்றுள் தலையானது 163 ஹெக்டேர் பரப்புடைய புக்கிட் தீமா வனக் காப்பகம். 1854ஆம் ஆண்டில் இயற்கையியலார் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் அங்குள்ள குன்றில் தங்கி, ஏறக்குறைய இரண்டே மாதங்களில் சுமார் எழுநூறு வகை வண்டுகளைத் திரட்டினார் என்பதிலிருந்து அதன் வளத்தை ஒருவாறு ஊகிக்கலாம். இன்றும் அதனுள்ளே நுழைந்து பத்தடி நடந்தால் கண்கள் இருளுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது. மேலே மரங்களின் முடியில் கொட்டும் வெயிலில் நூற்றில் ஓரிரு பங்கே தரையை வந்தடைகிறது. அதுவும் காற்றில் கிளையசையும்போது ஒரு கணம் விழுந்து மறுகணம் மறையும் ஒளித்துளிகளாகவே வருகிறது. அந்த அற்ப வெளிச்சத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் செடிகளின் சாமர்த்தியம் சாமானியமானதன்று. சில, இலையை மெல்லியதாகவும் அகன்றதாகவும் விரித்து வைத்திருக்கின்றன. சில, மழைநீர் தங்கி இலை அழுகாதபடி இலைநுனியை வால்போல் நீட்டி நீரை வடித்துவிடுகின்றன. வில்டனோவின் செலஜினெல்லா என்று பெயரிடப்பட்ட பன்னம் போன்ற ஒரு செடி, ஒரு கோணத்தில் பார்த்தால் மயில் கழுத்தின் நீலமாகவும், மற்றொரு கோணத்தில் பார்த்தால் சாதாரணப் பச்சையாகவும் தோன்றும். அந்த நீலத்துக்குச் சாயம் ஏதும் காரணமன்று. இலையின் மேற்றோலிலுள்ள நுண்ணிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்பும் விந்தையே அது. வெயிலில் வைத்தால் அந்நீலம் மங்கிவிடுகிறது. 2014ஆம் ஆண்டில்தான் இத்தீவின் பெயராலேயே ஓர் இஞ்சி இனம் அறிவியலுக்கு முதன்முதலாக அறிமுகமாயிற்று என்றால், இந்தச் சிறிய காட்டின் நிழலில் நாம் அறியவேண்டியவை இன்னும் எவ்வளவோ இருக்கின்றன என்பது விளங்கும்.

நவீன சிங்கப்பூரின் பசுமைச் சரித்திரம் சுதேசச் செடிகளுக்கு விரோதமானதென்று யாரும் கருதவேண்டாம். 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஃபேரர் சர்க்கஸில் அன்றைய பிரதமர் திரு. லீ குவான் யூ மரநடு இயக்கத்தைத் தொடக்கி நட்டது மெம்பாட் என்னும் சுதேச மரத்தைத்தான். 1967இல் பூந்தோட்ட நகரம் என்ற லட்சியம் அறிவிக்கப்பட்டபின், கொதிக்கும் சாலைகளுக்கு விரைவில் நிழல் தந்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், 1876ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து இங்கு வந்திருந்த தூங்குமூஞ்சி மரமும், கிளையை வெட்டி நட்டாலே தழைத்துவிடும் அங்சானாவும் ஏராளமாக நடப்பட்டன. அன்றைய அவசரத்துக்கு அது விவேகமான காரியமே. அந்தத் தூங்குமூஞ்சி மரங்களை வெட்டவேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவை வெட்டப்படுமானால் முதலில் வருந்துபவர்களில் நானும் ஒருவன். அவற்றின் கிளைகளை அண்ணாந்து பார்த்தால் ஒரு செய்தி புலனாகும். யாரும் நடாமலே, பறவைக்கூட்டுப் பன்னம் கவைகளில் கூடை கூடையாக அமர்ந்திருக்கிறது. மலாய்க்காரர் காசுக்கு ஒப்பிட்டுப் பெயர் வைத்த, சிறுவட்ட இலைகளையுடைய பன்னம் கிளைநெடுகப் படர்ந்திருக்கிறது. இரண்டும் இந்நாட்டுக் காட்டுக்குரியவை. வந்த மரம் தந்த நிழலைத் தமதாக்கிக்கொண்டவை. மேலே கிளையில் தாமாக நடந்த காரியத்தை, கீழே தரையில் நாம் முயன்று செய்யவேண்டும்.

அத்தரையில் இப்பொழுது நடப்பது என்ன? பழைய புளோக்குகளுக்குப் பின்புறம், வேலியோரம், கால்வாய்க்கரை ஆகிய இடங்களில் சற்று நின்று கவனித்தால் தெரியும். யாரோ வேண்டாமென்று வீசியெறிந்த ஒரு சாண் மணி பிளாண்ட் தண்டு அங்கே வேரூன்றி, அருகிலுள்ள மரத்தைப் பற்றி ஏறத் தொடங்குகிறது. தொட்டியில் இருந்தபோது உள்ளங்கையளவே இருந்த இலை, மரத்தில் ஏற ஏற முறத்தளவாகி, ஓரங்கள் கிழிந்து, தண்டு கைவிரல் பருமனாகி, அடிமரம் கண்ணுக்குத் தெரியாதபடி மூடிக்கொள்கிறது. அது பூப்பதே அபூர்வம். விதையின்றியே இவ்வளவும் செய்கிறது. இலங்கையில் கண்டி மாநகரின் தலதா மாளிகைக்குப் பின்னுள்ள உடவத்தக்கெலே சரணாலயத்தில் இதே கொடி பல ஏக்கர் வனத்தரையைப் போர்த்து, மரங்களின்மேலும் ஏறி, அங்குள்ள இளங்கன்றுகளை மூச்சுவிடாதபடி செய்துவிட்டது. வீட்டு அலங்காரத்துக்கென்று வந்த கொடி செய்த வேலை அது.

பொதுவாக அயல்நாட்டுக் களைகளைப் பற்றிப் பேசுகையில் நாம் வெயிற்களைகளையே நினைக்கிறோம். தமிழகத்தின் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் அத்தகையவை; அவற்றின் கொடுமையை இராமநாதபுரத்துக் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடர்ந்த மழைக்காட்டைப் பொறுத்தவரையில் வெயிற்களையைக் காட்டின் நிழலே தடுத்து நிறுத்திவிடுகிறது; லாலான் புல் காட்டு விளிம்போடு நின்றுவிடும். நிழலிலும் செழிக்கவல்ல அந்நியச் செடிக்கு அந்தக் காவல் இல்லை. உடலெங்கும் மெல்லிய ரோமமும் கருநீலச் சிறுகனியும் உடைய கிளிடீமியா என்னும் அமெரிக்கப் புதர் இதற்குப் பிரத்தியட்ச உதாரணம். ஃபிஜித் தீவில் அதற்குக் கோஸ்டரின் சாபம் என்றே பெயர். ஹவாய்த் தீவின் காடுகளையும் அது பாழ்படுத்தியிருக்கிறது. நம் காட்டுப் பாதைகளின் இருபுறத்திலும் அதைக் காணலாம். பறவை கனியைத் தின்று எச்சமிடும் இடமெல்லாம் அது முளைக்கிறது. ஆகவே, நிழல் தோட்டத்துக்குச் செடி தேர்ந்தெடுப்பவன் வெயில் தோட்டக்காரனைவிட இருமடங்கு கவனமாயிருக்கக் கடமைப்பட்டவன். அவன் வாங்கும் செடி தப்பிச் சென்றால், அது செல்லக்கூடிய இடம் எஞ்சியுள்ள நம் பூர்வ வனத்தின் உள்ளறை.

இனி, எதை வைக்கலாமென்ற கேள்விக்கு வருவோம். மரத்தடியில் புல் நிலைக்காத இடங்களுக்கு என் முதல் தேர்வு காடுக். வெற்றிலையின் குலத்தைச் சேர்ந்த இச்செடி மலாய்த் தீபகற்பத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நிழலான ஈர நிலங்களில் தானாக வளர்வது. இலையும் வெற்றிலையைப் போலவே இதய வடிவம், அதைவிடச் சற்று மெல்லியது, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்புடையது. வெற்றிலைபோல் மரமேறாமல் தரையிலேயே ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு பச்சைக் கம்பளமாகப் பரவுகிறது. இலைகளின் நடுவே சுண்டுவிரல் நுனியளவு வெண்ணிறப் பூங்கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். மலாய்க்காரர்கள் இலையைப் பச்சையாக உலாம் என்னும் உணவில் சேர்க்கிறார்கள். தாய்லாந்தில் தேங்காய், இஞ்சி, வேர்க்கடலை முதலியவற்றை இதில் மடித்து உண்கிறார்கள். கண்ணுக்கும் நாவுக்கும் ஒருங்கே உதவும் இச்செடியை விட்டுவிட்டு, சாறு பட்டால் வாய் வீங்கும் டிஃபன்பேக்கியாவை வாசலில் வைப்பானேன்?

வெற்றிலையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். அதன் பூர்வீகம் இந்தத் தென்கிழக்காசியப் பிரதேசமே என்றும், இங்கிருந்துதான் அது ஆதிகாலத்தில் பாரதநாடு சென்றதென்றும் தாவரவியலார் பலர் கருதுகின்றனர். சோழவந்தானிலும் கும்பகோணத்துச் சுற்றுப்புறத்திலும் கொடிக்கால் வைக்கும் நம் விவசாயிகள் அகத்தியை நட்டு, அதன் நிழலில்தான் கொடியைப் படரவிடுகிறார்கள். முழுவெயில் பட்டால் இலை தடித்து மஞ்சளித்துக் காரமேறிப் போகுமென்பது அவர்களுக்குத் தெரியும். நிழலை ஒரு கருவியாகக் கையாளும் அந்த அநுபவம் நம் குலச் சொத்தாக இருக்க, தாழ்வாரத்தில் வெயில் இல்லையென்று நாம் ஏன் கவலைப்படவேண்டும்? காலை வெளிச்சம் மட்டும் படும் தாழ்வாரத் தூணொன்றில் ஒரு வெற்றிலைக் கொடியைப் படரவிட்டால், மங்கல காரியங்களுக்கு ஒரு கவுளிக்காகச் சிராங்கூன் சாலைக்கு ஓடவேண்டிய அவசியமும் குறையும்.

சற்று இடமுள்ளவர்கள் லெம்பாவை நாடலாம். தென்னம்பிள்ளையின் முதல் இலையைப் போலக் கொசுவம் கொசுவமாக மடிந்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வளைந்து நிற்கும் இலைகளை உடையது இச்செடி. மஞ்சள் நிறப் பூக்கள் மண்ணோடு ஒட்டியாற்போல் அடியில் பூப்பதால், குனிந்து இலையை விலக்குபவருக்கே அவை காட்சியளிக்கும். அதன் சிறு கனியைத் தின்றபின் புளிப்புப் பண்டம் எதை உண்டாலும் இனிக்கும். நெல்லிக்கனி தின்று நீர் பருகிய சுவையை அறிந்த நமக்கு இந்த அதிசயம் முற்றிலும் புதியதன்று. ஆனால் நெல்லியைவிட இதன் மாயம் வலிது. அதற்குக் காரணமான புரதப் பொருளையும் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். கடும் நிழலிலும் கெட்டியான களிமண்ணிலும் சோர்வின்றி வளரும் இச்செடி, விற்பனைத் தட்டுகளில் கண்ணிற்படுவது அரிது.

பூ வேண்டுமென்பவர்களுக்கு மலாயா நாட்டு வெட்சி இருக்கிறது. நம் கோயில்களில் இட்லிப்பூவென வழங்கும் வெட்சிக்கு இது நெருங்கிய சுற்றம். ஆனால் அது வெயிலை விரும்ப, இது காட்டு மரங்களின் நிழலில் பிறந்தமையால் அரைநிழலிலும் கைப்பிடியளவு பெரிய செம்மஞ்சள் கொத்துகளைத் தருகிறது. மாலி மாலி என்று மலாயில் அழைக்கப்படும் லீயா, நம் மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலிலும் இயல்பாகக் காணப்படுவது. அதன் வெளிர்ப்பச்சைப் பூங்கொத்தைப் பூச்சிகள் மொய்ப்பதையும், கறுத்துப் பழுத்த கனிகளைப் பறவைகள் பொறுக்குவதையும் ஒரே செடியில் காணலாம். மண்ணே இல்லாத சுவரோரத்துக்குப் பறவைக்கூட்டுப் பன்னம் போதும். மேலிருந்து விழும் சருகுகளைத் தன் கூடையில் ஏந்தி, அதையே மக்கவைத்து, தனக்கு வேண்டிய உரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் சுபாவமுடையது அது. புரோமிலியாட்டைப் போல் நடுவில் குளம் கட்டி ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் அமைப்பதுமில்லை. டெங்கிக் காய்ச்சலோடு போராடும் ஊரில் இது அலட்சியம் செய்யத்தக்க வேறுபாடன்று. ஈரம் மிகுந்த மூலைகளில் வெள்ளி நரம்போடிய கரும்பச்சைக் காட்டுச்சேம்பும், மீசைபோல் நீண்ட இழைகள் தொங்கும் வௌவால் பூவும் சோபிக்கும்; காட்டுச்சேம்பின் சாறு அரிக்குமாதலால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பது நலம். நிழலைப் புதிதாக உண்டாக்க விரும்புவோருக்கு மகிழமும் புன்னையும் உள்ளன. இரண்டும் சோழமண்டலக் கரைக்கு எவ்வளவு சொந்தமோ, சிங்கப்பூர்க் கரைக்கும் அவ்வளவு சொந்தம். இங்கே அவை இயற்கையாக நிற்கும் இடங்கள் அருகிவிட்டன.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இத்தீவில் வாழும் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர்கள் கப்பலேறி வந்தவர்கள். வந்து குடியேறிய மக்கள், வந்து குடியேறிய செடியைப் பழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி கௌரவமானது, அதைத் தட்டிக்கழிப்பது முறையன்று. மனிதரின் குடியுரிமையை அளக்கும் கோலால் செடியை அளப்பதும், செடிக்குச் சொன்னதை மனிதருக்குப் பொருத்துவதும் ஒருங்கே தவறு. நம் கறிவேப்பிலையும் இந்தியாவிலிருந்து வந்ததுதான். அதன் இளந்தளிரில் பறவை எச்சத்தைப் போன்ற தோற்றமுடைய சிறு புழுக்களைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். அருவருத்துக் களையாமல் விட்டால் சில நாட்களில் அவை பச்சை நிறம் பெற்று, கூட்டுப்புழுவாகி, கரிய சிறகில் வெண்புள்ளி வரிசை தாங்கிய வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்து செல்லும். இங்குள்ள வண்ணத்துப்பூச்சி எலுமிச்சைக் குலத்தைச் சேர்ந்த கறிவேப்பிலையைத் தன் குழந்தைகளுக்கு ஆகாரமாக ஏற்றுக்கொண்டது; கறிவேப்பிலையும் வீட்டைச் சுற்றி நிற்பதோடு திருப்தியடைகிறது. ஒரு செடியை வாங்குமுன் நாம் கேட்கவேண்டியவை இரண்டு: இவ்வூர் ஜீவராசிகளில் எதற்கேனும் இது பயன்படுமா? வைத்த இடத்தில் நிற்குமா? இவ்விரண்டுக்கும் தக்க விடை தரும் செடி எந்தத் துறைமுகத்தில் இறங்கியதானாலும் எனக்கு உவப்பே. நிழலுக்கென்று நாம் வழக்கமாக வாங்கும் செடிகளில் பல இவ்விரண்டு கேள்விகளுக்கும் தலைகுனிகின்றன.

துளசியைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் எட்டாத தாழ்வாரத்தில் மாடம் அமைத்து, அதில் துளசியை வைத்துத் தினமும் நீர் வார்க்கும் இல்லங்கள் பல. செடியோ வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கணுவிடை நீண்டு, இலை சிறுத்து வெளுத்து, சில வாரங்களில் குச்சியாகிவிடுகிறது. மறுபடியும் ஒரு புதுச் செடி வாங்கப்படுகிறது. பக்தியில் குறைவில்லை, இடந்தான் பொருந்தவில்லை. துளசிக்கு நாளில் பல மணி நேரம் வெயில் வேண்டும். சமையலறைச் சன்னல் வழியே வெயில் வருமானால் துளசி அங்கேயே இருக்கட்டும். இருண்ட வாசலுக்கு மங்கலமான வெற்றிலையும் காடுக்கும் போதும்.

நிழலில் சுதேசச் செடிகளை வளர்ப்பதற்குத் தாய்த்தமிழகத்திலும் நல்ல முன்மாதிரி உண்டு. மரக்காணத்துக்கு அருகே புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் காடு, அக்கடற்கரையின் தொன்மையான உலர் பசுமைக்காட்டின் எச்சம். தெய்வத்தின்மீதுள்ள அச்சத்தாலும் அன்பாலும் கோடரி படாமல் காக்கப்பட்டது. அதற்குத் தெற்கே, 1968ஆம் ஆண்டில் செம்மண் பொட்டலில் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், முதலில் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பின்னர் அந்நிழலின் கீழே உள்ளூர் மரஞ்செடிகளைத் தேடிக் கொணர்ந்து வளர்த்தார்கள். இத்தகைய கோயிற்காடுகள் அவர்களுக்கு விதையும் கொடுத்தன, எது எதனோடு வளரும் என்ற பாடத்தையும் கொடுத்தன. சிங்கப்பூர் அந்த முதற்படியைத் தூங்குமூஞ்சி மரங்களைக் கொண்டு எப்பொழுதோ முடித்துவிட்டது. பாடம் சொல்லித்தரப் புக்கிட் தீமா இருக்கிறது. பூமலைக்குள்ளேயே சுமார் ஆறு ஹெக்டேர் மழைக்காடு இருக்கிறது. இரண்டாவது படிதான் அடுக்குமாடிகளின் இடைவெளிகளில் இன்னும் மந்தமாக நடக்கிறது.

அதற்குப் பொறுப்பானவர்களிடம் என் கோரிக்கைகள் எளியவை. தேசியப் பூங்காக் கழகம் சுதேசச் செடிகளைத் தன் நாற்றங்கால்களில் பெருக்கி, பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் பரப்பி வருவது போற்றத்தக்கது. 2030ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் மரங்கள் என்று 2020இல் தொடங்கிய இயக்கத்திலும் சுதேச இனங்களுக்குச் சிறப்பிடம் உண்டு. அதே சிரத்தை மரத்துக்குக் கீழேயும் வரவேண்டும். நகர மன்றங்கள் நிலவனப்புப் பணிகளுக்கு ஒப்பந்தம் கோரும்போது, நிழலிடங்களுக்கு இன்னின்ன சுதேசச் செடிகள் இத்தனை பங்கு இருக்கவேண்டுமென்று நிபந்தனை எழுதலாம். நாற்றுப் பண்ணைகள் ஒவ்வொரு தொட்டியிலும் விலைச்சீட்டோடு தாயகச்சீட்டும் ஒட்டலாம். நான்கு மொழிகளிலும் எழுதினால் இன்னும் உத்தமம். 2005இல் அரசு ஊக்கத்தோடு தொடங்கி இன்று பேட்டைதோறும் பரவியிருக்கும் சமூகத் தோட்டங்கள், வெயிலுள்ள பாத்தியில் வெண்டையும் கத்தரியும் பயிரிடுவதோடு, வெயிலற்ற மூலையில் காடுக், லெம்பா, லீயா ஆகியவற்றைப் பதியன் போட்டு அண்டை வீட்டாருக்கு வழங்கலாம். காட்டிலிருந்து பிடுங்கி வருவது மட்டும் கூடவே கூடாது. அது சட்டப்படி குற்றம், காப்பாற்ற நினைப்பதையே கொள்ளையிடும் காரியமும் ஆகும்.

இத்தகைய வேலையில் பாடுபடும் கைகளில் பல நம் ஊர்க் கைகள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், இரண்டு புளோக்குகளுக்கு நடுவே அடர்ந்த மரத்தடியொன்றில் புதிய புல்வில்லைகளைப் பதித்துக்கொண்டிருந்த புதுக்கோட்டை இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இங்க புல்லு நிக்காதுண்ணே. வெளிச்சமே இல்ல, எப்படிப் பிழைக்கும்? காஞ்சதும் வந்து மறுபடி மாத்துவோம்" என்றார். ஊரில் அவருடைய தந்தை வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவராம். அங்கே என்ன வைத்தால் நிற்குமென்று கேட்டதற்கு, சற்று யோசித்து, "வெத்தில மாதிரி ஏதாச்சும் வச்சா நிக்கும்ணே" என்றார். காடுக் என்ற பெயர் அவருக்குத் தெரியாது, காரியம் தெரிந்திருந்தது. வாரம் முழுதும் வெயிலில் உழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் கோர்ஸ் சாலையின் திறந்த வெளிகளில் நிழல் தேடி அமரும் ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவராக இருக்கக்கூடும். அந்த அறிவைக் கேட்டுப் பெறும் வழியொன்று ஒப்பந்த முறைகளில் இல்லாதிருப்பது பெரிய குறை.

நடுவதற்கு ஏற்ற பருவமும் உண்டு: வடகிழக்குப் பருவமழை நவம்பரில் வலுக்கும். 1971ஆம் ஆண்டில் மரநடு நாள் அம்மாதத்தில் வைக்கப்பட்டதற்கும் அம்மழையே காரணம். தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடமாட்டத்துக்கு 1.2 மீட்டர் வழிவிட்டே தொட்டிகளை அடுக்கவேண்டும்; மரத்தடியில் நடுபவர்கள் பெரிய குழி தோண்டி மரத்தின் வேர்களை அறுக்காமல், வேர்களுக்கிடையே கையகலக் குழிகளில் சிறு கன்றுகளாக நட்டு, விழும் சருகைக் கூட்டித் தள்ளாமல் அடியிலேயே பரப்பிவிடவேண்டும். காடுக்கின் முற்றிய தண்டில் ஒரு சாண் ஒடித்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் புதையுமாறு படுக்கவைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். தொட்டி நிறைந்ததும், அதிலிருந்து ஒடித்த தண்டுகளை எதிர்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் கொடுக்கலாம்.